ஜெபாவின் மாண்டலின்

சர்ச்சில் எல்லோரும் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன் சார். எனக்குச் சுருதி நிற்காது. நைனாவுக்கு அது தெரியும். அதனால்தான் சாகும்போது மாண்டலினைத் தம்பி ஜெபா கையில் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வாசிக்கத் தெரிந்தவனிடம்தானே அது இருக்கணும்.

அது நைனாவுக்கே அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபா அதை எடுத்தால், பின்வரிசையில் அழுதுகொண்டிருக்கிற குழந்தைகூட அடங்கிவிடும்.

போன மழையில் அவன் வீட்டுக் கூரை ஒழுகி, மாண்டலினின் முதுகில் விரிசல் விட்டது. சிப்காட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. கார் பாகங்கள் அடிக்கிற பிரஸ் ஷாப். நான் ஷிப்ட் சூப்பர்வைசர், அவன் என் கீழே ஆபரேட்டர். சென்னையில் எனக்கு வேறு வேலை இருந்ததால், ரிப்பேருக்கு நானே எடுத்துப்போனேன்.

கடைக்காரர் துளசிராமன் டார்ச்சை அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். உள்ளே ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"அமெரிக்கா கம்பெனி பேர் போட்டுக்கீது. நெசமா இருந்தா இத்த வித்து ஒரு ஊடே வாங்கலாம். எதுக்கும் போட்டோ எடுத்து வெளிநாட்டுல ஒருத்தருக்கு அனுப்பிக் கேக்குறேன். கொஞ்சம் பொறுங்க" என்றார்.

நான் ஊடு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

விரிசல் ஒட்டி வந்ததும் ஜெபாவிடம் மறைக்காமல் சொன்னேன். ஆளுக்குப் பாதி என்றேன். அதைவிட நியாயமாக யார் பேசுவார்கள்? அவன் தந்தியை முறுக்கிக்கொண்டே சிரித்தான்.

"இத்த வித்துட்டு நான் இன்னா பண்றதுணா? கை இருக்குற வரைக்கும் வாசிச்சிக்கினு இருப்பேன்."

எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னான். நான் கோபப்படவில்லை. யோசித்தேன்.

எங்கள் பிரஸ்ஸில் கை உள்ளே போனால், பெடலை மிதித்தாலும் அச்சு இறங்காது. சென்சார் நிறுத்திவிடும். அதை நம்பி எல்லோரும் அவசரத்தில் பெடலிலிருந்து காலை எடுக்காமலே கையை விடுவார்கள். சிக்கிய பீஸை எடுக்க ஜெபா எப்போதும் இடது கையைத்தான் விடுவான். மாண்டலினில் தந்தியை அழுத்துவதும் அந்தக் கைதான்.

ஷிப்ட் மாறுகிற சமயத்தில் பேனலைத் திறந்து, சென்சார் வேலை செய்யாதபடி ஒரு ஒயரைக் குறுக்கே போட்டேன். எலக்ட்ரீஷியன் லோகு அப்போது கேன்டீனில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் செய்தது அவ்வளவுதான். பெடலை மிதித்தது ஜெபாவின் கால்.

சத்தம் கேட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தது நான். துண்டைச் சுற்றி, வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையை மடியில் வைத்திருந்ததும் நான். கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் போய்விட்டது. அவன் மனைவி விக்டோரியா என் காலில் விழுந்தாள். "நீங்க மட்டும் இல்லன்னா ஜெபா உயிரே போயிருக்கும் மாமா" என்றாள். நான் அவளை எழுந்திருக்கச் சொன்னேன்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு ஜெபாவே பேச்சை எடுத்தான்.

"மாண்டலின நீயே எடுத்துக்கினு போணா. ஊட்டுல அத்தப் பாத்தா பேஜாரா கீது. விக்கிறதுன்னா வித்துக்கோ. எனக்குப் பாதியெல்லாம் வேணாம். நீ பண்ணதே போதும்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றியாகத்தான் சொல்லியிருந்தான்.

மறுநாளே துளசிராமனிடம் போனேன். மாண்டலினை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நானே போன் பண்ணணும்னு இருந்தேன். பதில் வந்துடுச்சி. லேபிள் மட்டும்தான் நெசம். வேற எதுலயோ இருந்து பிச்சி இதுல ஒட்டிக்கீறாங்க. மரமெல்லாம் கல்கத்தா வேலை. விலைன்னு பெருசா ஒண்ணும் போவாது." பிறகு ஒரு தந்தியை விரலால் சுண்டிவிட்டுச் சொன்னார்: "ஆனா நாதம் சோக்கா கீது. வாசிக்கத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கீறார்னு சொன்னீங்களே, அவரையே வாசிக்கச் சொல்லுங்க."

மாண்டலினைத் திரும்ப ஜெபாவிடம் கொடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. என் பீரோ மேல் கிடக்கிறது. இரவில் எலி ஓடித் தந்தியில் பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

விபத்தன்று நீங்கள் விசாரித்தபோது லோகுவின் பெயரைச் சொன்னதும் நான்தான். பேனல் சாவி அவனிடம் இருக்கும் என்றேன். இன்னொரு சாவி என்னிடமும் இருந்ததை நீங்கள் கேட்கவில்லை. அவனை நீங்கள் பிடித்துவந்த பிறகு அவன் அம்மா கம்பெனி கேட்டில் தினமும் வந்து நிற்கிறாள். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறாள். அதுதான் தாங்கவில்லை. அவனை விட்டுவிடுங்கள் சார். அவன் எதுவும் செய்யவில்லை.

சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். என்ன இருந்தாலும் அவன் என் கூடப்பிறந்தவன், எனக்கு மனசு கேட்குமா? நான் நினைத்தது ஒரே ஒரு விரல்தான்.