கணேசுக்கு நான் போர்த்தும் சால்வை

தலைமைக் கதிரையை அலங்கரித்திருக்கும் கம்பளைக் கீரைச் செய்கையாளர் சங்கத் தலைவர் ராஜரத்தினம் அவர்களே, புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியோர்களே, பாத்தி ஈரம் காயுமுன் வந்தமர்ந்த தாய்மார்களே, என் கடைக்கு நேரெதிரே கடை திறந்து என் நித்திரையைக் கெடுத்த கணேஸ் அவர்களே, வணக்கம்!

சிறந்த தண்டுக்கீரைக்கான பரிசு கணேசுக்கு. சால்வை போர்த்த வேண்டியவனோ, அவரிடம் தோற்ற நான்!

என்ன, முன்வரிசையில் இருக்கும் நல்லம்மா? "சந்தோசமா முதலாளி?" என்கிறீர்களா? சந்தோசமில்லை தாயே, வயிறு எரிகிறது!

நான் விற்பது வளர்ச்சி ஓமோன், செடியை வளரத் தூண்டும் மருந்து. அவர் விற்பது பொட்டாஷ் பசளை, மண்ணுக்குப் போடும் உரம். என் பாத்தியில் என் மருந்தைத் தெளித்தேன். நீண்டது தண்டு! மெலிந்தது இலை! சில நாளில் அடியிலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்தது. கணேஸின் பாத்தியிலோ உள்ளங்கை அகல இலை! வேலிக்கு மேலால் அடிமட்டம் நீட்டி அளந்தேன். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்!

அப்போதுதான் கண்டேன், அவர் வேலியோரம் என் கடை ஓமோன் போத்தல், வெறுமையாக! தன் பசளைக்கு மேல் என் மருந்தையும் ஆள் அனுப்பி வாங்கித் தெளித்திருக்கிறார் மனுஷன்!

வீட்டில் என் மனைவி சுதர்சினி கேட்டாள்: "அவரு உங்க மருந்த வாங்கிட்டாரு. அவரு கடையில ஒரு மூட்டை வாங்குனா உங்க மீசை கொட்டிப் போகுமா?"

கொட்டாது. வாங்கினேனா? இல்லை! ஒரு வீதியைக் கடக்க என் கால் மறுத்தது.

அன்பர்களே! ஓமோன் இலையின் கலத்தை, அதாவது அதன் நுண்ணிய அறையைப் பார்த்து 'விரி' என்கிறது. கலத்தின் சுவர் இளகுகிறது. சுவர் இளகினால் போதுமா? உள்ளே நீர் நிறைய வேண்டாமா? அந்த நீரை இழுத்து நிறுத்துவது பொட்டாஷில் உள்ள பொட்டாசியம். மண்ணில் அது குறைந்தால், குருத்து அடியிலையிடமிருந்து பறித்துக்கொள்ளும். அடியிலை ஓரம் கருகும். ஊட்டாமல் 'வளர், வளர்' என்று விரட்டினேன் நான். கீரை என்ன செய்யும்?

ஒளிக்காமல் சொல்கிறேன்: மண்ணைப் பரிசோதியுங்கள். பொட்டாஷ் குறைவென்றால் முதலில் எதிர்க்கடை, பிறகுதான் என் கடை. அதைப் போடாதவருக்கு நாளை முதல் என் போத்தல் கிடையாது!

கைதட்டாதீர்கள், இன்னும் எரிகிறது!

கணேஸ், எழும்புங்க. கொஞ்சம் குனிங்க, நீங்க உயரம். அதுலயும் எனக்குப் பொறாமைதான். இந்தாங்க சால்வை. காலையில வெள்ளனக் கடையைத் திறங்க, எனக்கு ஒரு மூட்டை வேணும். அடுத்த வருசம் இதே மேடையில, இதே சால்வையை, உங்க கையால எனக்குப் போர்த்துவீங்க!

என் எரிச்சலையும் பொறுத்துக் கேட்ட சபையோருக்கு நன்றி. உங்கள் பாத்திகள் பொலியட்டும். வணக்கம்!