ஈரத் துணி வேண்டாம்

தலைமை ஏற்றிருக்கும் நிர்வாகி அவர்களே, எங்கள் ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கும் வாசிப்பாளர்களே, அவற்றைக் கேட்டுத் தப்புக் கண்டுபிடித்து எங்களைப் போனில் வறுத்தெடுக்கும் பார்வையற்ற நேயர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! இந்த இரங்கல் கூட்டத்தில் உங்களைக் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

முப்பத்தோர் ஆண்டுகள் இந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒலிச் சரிபார்ப்பாளர்! அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் நம்மில் எவர்? எல்லோருக்கும் அவர் 'ரெண்டு நிமிஷம்'தான். அவர் மேசையில் ஹெட்போனுக்கென்றே, கண்ணாடிக் குழல்கள் வைத்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று. சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. வால்வுகள் சூடேற வேண்டும். நாம் அவசரப்பட்டுக் கை நீட்டினால், "ரெண்டு நிமிஷம்!" என்பார். நிர்வாகியே வந்து நின்றாலும் ரெண்டு நிமிஷம்தான்! அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வாராம்; அந்த ரெண்டு நிமிஷம் மட்டும் அரை மணி நேரம் ஆகுமாம்.

ஒலியளவைப் பூஜ்யத்தில் வைப்பார். ஹெட்போன் முள்ளை 'டக்' என்று உட்காரும்வரை செருகுவார். பிறகுதான் சுவிட்ச். காத்திருந்து, ஒலியை மெல்லத் திருப்புவார். ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் ஒரு காகிதத்தைக்கூட வைக்க விடமாட்டார். "அதுக்கும் மூச்சு விடணும்ல?" என்பார். நன்றாக ஆறிய பிறகே, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவார்.

எதற்கு இத்தனை பாடு? ஒரு வாசிப்பாளரிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது: "பதினேழாம் பக்கத்துல உங்களுக்குப் பசி வந்துடுச்சு போல." வயிறு உறுமியது பதிவில் விழுந்திருந்தது! "கேக்கறவங்களுக்குக் காதுதான் எல்லாம். அதுல தூசி போடலாமா?" என்று மறுபடி வாசிக்கவைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆம்ப்ளிஃபயரின் வால்வு உடைந்தது உங்களுக்குத் தெரியும். தேர்வு எழுதவிருந்த மாணவர்களின் பாடநூல் நான்கு நாள் தாமதமானது. 'என் கவனக்குறைவு' என்று அவரே ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் அவரைக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். அப்போது அண்ணி என்னிடம் கேட்டார்: "தம்பி, அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சா? என்கிட்ட மறைக்கிறாரா?" நான் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

உடைத்தவன் நான்!

அவர் சாப்பிடப் போயிருந்த மதியம். அப்போதுதான் அணைத்திருந்தார், வால்வுகள் கொதித்துக்கொண்டிருந்தன. நல்லது செய்வதாக நினைத்து, தூசி துடைக்க நனைத்த துணியை வைத்தேன். 'பட்'டென்று கண்ணாடி விரிசல் விட்டது. எனக்கு நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், இந்த வேலையில் பத்தாவது நாள். திரும்பி வந்தவர் வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாய் திறக்காதீங்க. உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னைக் கிடங்குக்குத்தான் அனுப்புவாங்க." பிறகு ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டினாரா? இல்லை!

கிடங்கிலிருந்து திரும்பிய அன்று, ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் ஓர் அட்டையை ஒட்டினார். இதோ, என் கையில் இருக்கிறது. "ஒலி பூஜ்யம். முள் இறுக்கம். சுவிட்ச். ரெண்டு நிமிஷம்." கடைசி வரி: "ஈரத் துணி வேண்டாம்." படித்ததும் கூனிக்குறுகிப் போனேன். அவர் என் தோளில் தட்டினார். "உங்களுக்கு இல்லங்க. உங்களுக்குத்தான் தெரியுமே. அடுத்து வர்றவருக்கு."

அண்ணி, அவர் கை கடைசி நாள்வரை நடுங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இதைச் சொல்லப் பயந்தவன் நான். என்னை மன்னியுங்கள்.

நாளை முதல் அவர் நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்றார் நிர்வாகி. இதைக் கேட்ட பிறகும் அதே எண்ணம் இருந்தால், அவர் பாதியில் விட்ட நூலை, அவர் கேட்டதுபோலவே ஒரு மூச்சும் தவறாமல் கேட்டு முடிப்பேன். இல்லையென்றால் கிடங்குச் சாவியைக் கொடுங்கள், தலைவணங்கி வாங்கிக்கொள்கிறேன்.

மேடையில் அவருடைய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஒலி பூஜ்யத்தில் இருக்கிறது. முள்ளை இறுக்கமாகச் செருகிவிட்டேன். அண்ணி, சுவிட்சை நீங்கள் போடுங்கள். மற்றவர்கள் எழுந்து நிற்போம்.

ரெண்டு நிமிஷம்.