அக்கரைக்காரன் கிளம்பின நாள்

— அசையாதடா, இன்னும் ஒரு சில்லு உள்ள இருக்கு. துணியப் பல்லுல கடிச்சுக்கோ.

— ம்ம்மா! மெதுவாக்கா.

— பாலத்துக்கு வெடி வைக்கத் தெரிஞ்சவனுக்கு இது வலிக்குதாக்கும்.

— யாரு சொன்னா உனக்கு?

— யாரு சொல்லணும்? கல்குவாரியில வெடி வைக்கிறவன் தோள்ல இரும்புச் சில்லோட வந்து நிக்கிறான். சமையக்கட்டு ஜன்னல் கண்ணாடி அத்தனையும் மத்தியானமே கொட்டிருச்சு. நான் என்ன சின்னப் புள்ளையா?

— நீ பாத்திருக்கணும்க்கா! அக்கரைக்காரனோட முதல் லாரி நடுப்பாலத்துக்கு வந்துச்சு. அப்படியே தூக்கி ஆத்துல எறிஞ்சிடுச்சு. எரிஞ்சுக்கிட்டே விழுந்தானுங்க.

— அலறுனாங்களா?

— ...அலறுனாங்க.

— மீசை கூட சரியா முளைக்காத பசங்கடா. காலையில நான்தான் வழிக்குச் சோறு கட்டிக் குடுத்தேன்.

— அவனுங்க முகாம்ல ஆக்கிப் போட்டு ஆக்கிப் போட்டு உனக்குப் பாசம் பொத்துக்கிட்டு வருது. அப்பாவ அடிச்சே கொன்னவனுங்க. கலவரத்த அடக்க வந்தோம்னு வந்து, நம்ம வீட்டுக் கூடத்துலயே கால நீட்டிப் படுத்துட்டானுங்க.

— அதான் போறானே! அவன் நாட்டுல கஜானா காலி. எங்க பிள்ளைங்களத் திரும்பக் கூப்பிடுன்னு தாய்மாருங்க தெருவுல உக்காந்திருக்காங்க. மூட்டை முடிச்சோட கிளம்பிட்டான். போறவன எதுக்குடா மறிச்சே?

— சும்மா விட்டா நாளைக்கே திரும்பி வருவான். அடிச்சு அனுப்பணும்க்கா. அப்பத்தான் இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான்.

— மத்த லாரி எல்லாம்?

— இந்தக் கரையில நிக்குது.

— பாலம் இல்லாம எப்படிடா போவான்?

— நீ முதல்ல கட்டுப் போடுக்கா.

— சொல்லித் தொலை! எப்படிப் போவான்?

— அக்கா, அது என்ன சத்தம்?

— துப்பாக்கி. நம்ம தெருதான். குனி, குனி! ஐயோ... எதிர்க்கடை டெய்லர் அண்ணன் கையத் தூக்கிக்கிட்டுத்தான் வெளிய வந்தாரு. மூஞ்சியிலயே சுட்டுட்டான்டா. அவரு பொண்ணு ஓடி வருதே... ஏய், உள்ள போ! உள்ள... பாவி, அதையும் சுட்டுட்டான்.

— என்னைய விடுக்கா. அந்தக் கத்தியக் குடு.

— குடுத்தா? போயி அவங்க பக்கத்துல நீயும் படுத்துக்கப் போறியா? கட்டிலுக்கு அடியில நுழை. மூச்சு வெளிய வரக் கூடாது.

— சமையல் அம்மா! கதவைத் திறக்கவும். நான்தான், மேஜர்.

— இதோ வந்துட்டேன் ஐயா.

— தரையில் என்ன ரத்தம்?

— கோழி அறுத்தேன் ஐயா.

— நல்லது. இன்னும் நிறைய அறுக்க வேண்டியிருக்கும்.

— நீங்க... கிளம்பலையா ஐயா?

— காலையில் புறப்படச் சொன்ன தலைநகரம், இப்போது இருக்கச் சொல்லிவிட்டது. பிள்ளைகளைத் திருப்பி அனுப்பு என்று அழுத அதே தாய்மார்கள் பழிக்குப் பழி கேட்கிறார்கள். ஆற்றில் மிதவைப் பாலம் போடுகிறோம், நாளை இன்னும் இரண்டு பட்டாளம் வருகிறது. பெரிய அண்டாவாகப் பார்த்து எடுத்து வையுங்கள், அம்மா.