செட்டியார் மண்டகப்படியில் வாசித்தது

சடகோபன்: அதெல்லாம் சரி ராஜவேலு... நேத்து சன்னதித் தெரு முனையிலே நாகசொரத்துலே கடைசியா வாசிச்சியே, அது என்ன?

ராஜவேலு: எது சாமி? நேத்து நெறைய வாசிச்சேன்.

சடகோபன்: மல்லாரி ஆச்சு, தோடி ஆச்சு. பெருமாள் முனை திரும்பறப்போ ஒண்ணு ஆரம்பிச்சியே...

ராஜவேலு: ஓ, அதுவா. அது எங்க தாத்தா காலத்து உருப்படி.

அம்சவேணி: ஏங்க, சாமிக்கு ஒரு பலகை போடக்கூடாதா? வேப்பமரத்தடியில நின்னுக்கினே பேசறாரு.

சடகோபன்: வேண்டாம்மா. மிஷன் பள்ளிக்கூடத்துலே பொழுதன்னிக்கும் நின்னுண்டு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன். கால் பழகிப்போச்சு... தாத்தான்னா எந்தத் தாத்தா?

ராஜவேலு: அம்மாவைப் பெத்த தாத்தா. திருவண்ணாமலைப் பக்கம். பெரிய நாகசொரக்காரரு.

சடகோபன்: போன மாசம் அவர் தவுல்காரர்னு சொன்னியே.

ராஜவேலு: ரெண்டும்... ரெண்டும் வாசிப்பாரு.

அம்சவேணி: மாடு வச்சிக்கினு இருந்தாருன்னு இல்ல உங்க அம்மா சொன்னாங்க?

ராஜவேலு: நீ உள்ள போய்ப் பாப்பாவைப் பாரு அம்சா.

அம்சவேணி: தூங்குது.

ராஜவேலு: சாமி, இந்த நாகசொரச் சீவாளியைச் சீவி முடிச்சாத்தான் சாயங்காலப் புறப்பாட்டுக்கு ஆவும். எதுக்கு இத்தனை விசாரணை?

சடகோபன்: விசாரணை இல்லைப்பா. ஊர்லே அதே பேச்சா இருக்கு, அதான். பெரியவர் ஸௌந்தரராஜன் அது சுத்த சாவேரிங்கறார். அவர் தம்பி பிள்ளை முரளீதரன் மோகனம்னு சத்தியம் பண்றான். கார்த்தாலே பிரபந்த கோஷ்டியிலே ரெண்டு பேரும் பக்கத்துலே உக்காரலை.

ராஜவேலு: ரெண்டு பேரும் சொல்றது சரிதான்.

சடகோபன்: அதெப்படி?

ராஜவேலு: ஷட்ஜத்தை எங்க வச்சுக் கேக்கறாங்களோ அதைப் பொறுத்தது. இருக்கறது அஞ்சே சுரம். இந்தப் பக்கம் நின்னு பாத்தா மோகனம், அந்தப் பக்கம் நின்னு பாத்தா சுத்த சாவேரி.

சடகோபன்: அதைப் போய் அவாகிட்டே சொல்லேன்.

ராஜவேலு: சொன்னா ரெண்டு பேரும் என்கிட்டப் பேச மாட்டாங்க.

அம்சவேணி: வேற யாரு என்ன சொன்னாங்க சாமி?

சடகோபன்: தோள்லே பெருமாளைத் தூக்கிண்டு வந்தாளே, அவாளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பாரமே தெரியலைங்கறா. நான் பின்னாலேர்ந்து பாத்துண்டே வந்தேன்... பெருமாள் ஓடத்துலே போற மாதிரி இப்படி அசைஞ்சு அசைஞ்சு போனார்.

ராஜவேலு: அந்த நடை அப்படி. கால் தானா ஆடும்.

சடகோபன்: உன் தவுல்காரர் திருஞானசம்பந்தம்தான் கோவமா இருக்கார்.

ராஜவேலு: தெரியும். முன்னாடியே சொல்லலைன்னு. பாதியில அவரு எங்க அடிக்கறதுன்னு தேடிக்கினு இருந்தாரு. அப்பறம் புடிச்சிக்கினாரு, புடிச்சப்பறம் விடல.

சடகோபன்: எங்க தெரு சூடாமணி மாமி அழுதுட்டா. என்ன மாமின்னேன். தீவட்டிப் புகைன்னா. தீவட்டி அந்தண்டை இருந்தது, மாமி இந்தண்டை இருந்தா.

அம்சவேணி: எனக்கும் அப்படித்தான்...

ராஜவேலு: அம்சா.

அம்சவேணி: ஒண்ணும் சொல்லலையே.

சடகோபன்: ஆக, ஊர் முழுக்க அதைக் கேட்டிருக்கு. உங்க தாத்தா எங்கேயிருந்து கத்துண்டார்னுதான் யாருக்கும் தெரியலை.

ராஜவேலு: ஏன் சாமி, நல்லா இல்லையா?

சடகோபன்: நல்லா இருந்துது. அதுதான் வினையாப் போச்சு. நல்லா இல்லைன்னா யார் கேக்கப் போறா? செட்டியார் கேட்டார்.

ராஜவேலு: எந்தச் செட்டியார்?

சடகோபன்: நேத்து மண்டகப்படி, உற்சவச் செலவு எல்லாம் யாரோடது? பட்டுக்கடை வேணுகோபால் செட்டியார்தான்.

ராஜவேலு: அவரு எனக்குச் சால்வை போத்தினாரே. ஒண்ணும் கேக்கலையே.

சடகோபன்: சால்வைக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துது. நீ வாசிச்சுண்டே மண்டபத்துக்குப் போயிட்டே, உனக்குத் தெரியாது. கம்பவுண்டர் தாவீது இருக்கானே, மிஷன் ஆஸ்பத்திரியிலே...

அம்சவேணி: தாவீது அண்ணனா? அவரு என்ன பண்ணாரு?

சடகோபன்: செட்டியாருக்குப் பக்கத்துலே நின்னுண்டிருந்தான். பாட்டைக் கேட்டதும் பூரிச்சுப் போயிட்டான். 'இது எங்க டாக்டரம்மா முணுமுணுக்கற பாட்டாச்சே, ஸ்காட்லாந்துப் பாட்டாச்சே'ன்னு பக்கத்துலே இருக்கறவாகிட்டே எல்லாம் சொல்லியாச்சு.

ராஜவேலு: ...தாவீதுக்கு என்ன சங்கீதம் தெரியும்?

சடகோபன்: ஒண்ணும் தெரியாது. காது இருக்கே.

அம்சவேணி: செட்டியார் காதுல விழுந்துச்சா?

சடகோபன்: விழாம இருக்குமா? முகம் சுண்டிப் போச்சு. 'என் மண்டகப்படியிலே, பெருமாளுக்கு எதிர்க்க, மாதாகோயில் பாட்டா'ன்னார். நிஜம்னு தெரிஞ்சா ராஜவேலு வாசிக்கற முறை இன்னியோட சரின்னார். சொன்னா செய்யறவர். கோயில்லே அவர் பேச்சு எடுபடும்.

ராஜவேலு: அவரு நினைச்சா என் முறை போயிடும். அது எனக்குத் தெரியாதா?

சடகோபன்: இத்தனைக்கும் அது மாதாகோயில் பாட்டே இல்லை. அவா ஊர்லே மலைமேலே ஆடு மேய்க்கறவா பாடறது.

அம்சவேணி: சாமிக்கு எப்படித் தெரியும்?

சடகோபன்: எது?

அம்சவேணி: ஆடு மேய்க்கறவங்க பாடறதுன்னு.

சடகோபன்: ...ஏதோ புஸ்தகத்துலே இருந்துது. அது கிடக்கட்டும். டாக்டரம்மா அங்கேயேதான் நின்னுண்டிருந்தா. முனையிலே, ஜட்காவை விட்டு இறங்கி.

ராஜவேலு: பாத்தேன்.

சடகோபன்: பாத்தியா?

ராஜவேலு: வாசிக்கறப்ப கண்ணு நாலு பக்கமும் போவும் சாமி. பாத்தேன்.

சடகோபன்: செட்டியாருக்கு இங்கிலீஷ் வராது. அந்தம்மா வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. வலிக்குதா, பொறு, மூச்சு விடு... அவ்வளவுதான் அவளுக்குத் தமிழ். செட்டியார் என் கையைப் பிடிச்சு இழுத்துண்டு போனார். 'வாத்தியார், இது உங்க ஊர்ப் பாட்டான்னு அவகிட்டே கேளும், என்ன சொல்றாளோ அப்படியே சொல்லும்'னார்.

அம்சவேணி: கேட்டீங்களா?

சடகோபன்: கேட்டேன். வேற வழி?

ராஜவேலு: என்ன சொன்னாங்க?

சடகோபன்: நீ சீவாளியை முடி, சொல்றேன்.

ராஜவேலு: சாமி, என்ன சொன்னாங்க?

சடகோபன்: கேட்டதே இல்லைன்னு. இந்த ஜன்மத்துலே கேட்டதில்லை, இந்த ஊர்ப் பாட்டுப் போலிருக்குன்னு.

ராஜவேலு: ...அப்படியா?

சடகோபன்: செட்டியாருக்கு உசிர் வந்துது. தாவீதை ஒரு முறை முறைச்சார். நேரா மண்டபத்துக்கு வந்து உனக்குச் சால்வை போத்தினார். வருஷா வருஷம் தன் மண்டகப்படியிலே அதையே வாசிக்கணும்னு எல்லார்கிட்டேயும் சொல்லிண்டிருக்கார்.

ராஜவேலு: சரி.

சடகோபன்: என்ன சரி? முறை தப்பிச்சுது. சந்தோஷப்படறவன் முகமா இது?

ராஜவேலு: சந்தோஷம்தான் சாமி. சீவாளி கையைக் கீறிடுச்சு.

அம்சவேணி: கேட்டதே இல்லையாமா?

ராஜவேலு: விடு அம்சா.

அம்சவேணி: எப்படிங்க விடறது? என் காதுல வாயை வச்சுப் பாடினவங்க. எனக்கு மொத ரெண்டு குழந்தையும் தங்கலை சாமி. இது மூணாவது. ஐயம்பேட்டை மருத்துவச்சி கைவிட்டு, வண்டியில போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கினு போனாங்க. நான் அவ்ளோதான்னு எங்க அம்மா வாசல்ல உக்காந்து அழுதுக்கினு இருந்தாங்க. அந்தம்மா என் கையைப் புடிச்சிக்கினு அதைத்தான் பாடிக்கினே இருந்தாங்க. ஒரு வார்த்தை புரியல. ஆனா நான் அதைப் புடிச்சிக்கினுதான் கிடந்தேன். அது நின்னா நானும் போயிடுவேன்னு தோணுச்சு. நிக்கல.

ராஜவேலு: சாமிகிட்ட எதுக்கு இதெல்லாம்...

அம்சவேணி: தாத்தா பாட்டுன்னு நீங்க சொல்லிக்கினு இருங்க. வீட்டுக்கு வந்து பாப்பாவை ஆட்டறப்ப நான் பாடினேன். நீங்க தின்னு முடிச்ச கையோட எழுந்து வந்து கேட்டுக்கினு நின்னீங்க. இன்னொரு தரம் பாடு, இன்னொரு தரம் பாடுன்னு உயிரை வாங்கினீங்க.

சடகோபன்: அப்போ தாத்தா...

ராஜவேலு: தாத்தா மாடுதான் மேய்ச்சாரு சாமி. இப்ப போய்ச் செட்டியார்கிட்ட சொல்லிக்கோங்க.

சடகோபன்: நான் சொல்றதுக்கு வரலை. ஏன் வாசிச்சே? வீட்டோட வச்சிண்டிருக்கக் கூடாதா?

ராஜவேலு: அவங்க அம்மா ஊர்ல தவறிட்டாங்களாம். தாவீதுதான் சொன்னான். சேதி வந்த நாள்லேர்ந்து வார்டுல பாட்டுச் சத்தமே இல்லையாம். வேலை மட்டும் பண்றாங்களாம்... என் பொண்டாட்டியையும் பொண்ணையும் திருப்பிக் குடுத்தவங்க. அவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்? பழம் வாங்கிக்கினு போனா எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்துடறாங்க.

சடகோபன்: அதுக்காகப் பெருமாள் புறப்பாட்டுலேயா?

ராஜவேலு: ஆஸ்பத்திரியில நாகசொரம் ஊத விடுவாங்களா? கோயிலுக்குள்ள அவங்க வர முடியுமா? தெரு முனை ஒண்ணுதான் அவங்களும் நிக்கலாம், நானும் வாசிக்கலாம். புறப்பாடு பாக்க வருவாங்கன்னு தாவீது சொன்னான். பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருன்னு நினைச்சேன்.

சடகோபன்: அவர் ஆடிண்டேதான் போனார்.

ராஜவேலு: அப்படியே வாசிச்சா வாத்தியத்துல மொட்டையா இருந்துச்சு சாமி. அதனால கமகம் போட்டேன். இங்க ஒரு புடி, அங்க ஒரு அசைவு. மேல் ஸ்தாயில கொஞ்சம் நானா சேத்தேன். ஜாஸ்தி சேத்துட்டேன் போல. அவங்களுக்கே அடையாளம் தெரியாம அடிச்சுட்டேன்.

சடகோபன்: அப்படி இல்லைப்பா...

ராஜவேலு: பின்ன? செட்டியார் சால்வை போத்தினாரு. பெரியவங்க ராகத்துக்குச் சண்டை போடறாங்க. மாமி அழுதாங்க. எல்லாரும் கேட்டாங்க. யாருக்கு வாசிச்சேனோ அவங்க கேக்கல.

அம்சவேணி: அடையாளம் தெரியாம என்ன? மொத அடியிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் இல்லைன்னுட்டாங்க.

ராஜவேலு: ஏன் இல்லைன்னு சொல்லணும்?

அம்சவேணி: வெக்கமா இருந்திருக்கும். நம்ம தெருவுல நம்ம சாமி முன்னாடி அவங்க அம்மா பாட்டு... வேணாம்னு தோணியிருக்கும். அவங்க மிஷன்லதான் பொய் சொல்லாதேன்னு புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கெழமை பாடம் நடத்தறாங்க. அவங்க சொல்லலாமாம்.

ராஜவேலு: அப்படிப் பேசாத.

அம்சவேணி: பாப்பாவைத் தூக்கிக்கினு போய் ஒரு தரம் காமிக்கணும்னு இருந்தேன். தலைமுடியெல்லாம் வளந்திருக்குதே, பாக்கட்டும்னு. இனிமே போகல. அந்தப் பாட்டையும் பாடல.

சடகோபன்: அவசரப்படாதேம்மா...

அம்சவேணி: அவங்க பாட்டே இல்லையாமே சாமி. நான் எதுக்குப் பாடணும்?

சடகோபன்: ராஜவேலு, தெருவிலே யாரும் வராளா பாரு.

ராஜவேலு: யாரும் இல்ல. நூல் தோய்க்கறவங்க எல்லாம் மடுவுக்குப் போயிருக்காங்க. ஏன்?

சடகோபன்: இப்போ சொல்லப் போறது இந்த வேலியைத் தாண்டப்படாது. தாண்டினா உன் முறையும் போகும், என் பேரும் போகும். முதல்லே சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். தாத்தா கதையை நீ எவ்வளவு தூரம் தாங்குவேன்னு பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.

ராஜவேலு: சொல்லுங்க சாமி. எங்க வாயிலேர்ந்து வராது.

சடகோபன்: அந்தம்மா பொய் சொல்லலை. நான் கேட்டதும் ஜட்கா சட்டத்தைக் கெட்டியாப் பிடிச்சுண்டா. கண்ணைத் துடைச்சுக்கக்கூட இல்லை. 'இது எங்க அம்மா பாடினது. மலைமேலே ஆடு மேய்க்கறவா பாட்டு. அவளோட போயிடுத்துன்னு நினைச்சேன். மேலே போய்ப் போய் இறங்கற இடமெல்லாம் எங்க ஊர்லே கிடையாது, ஆனா எங்க அம்மா கேட்டிருந்தா அதையும் சேர்த்துப் பாடியிருப்பா'ன்னு சொன்னா. செட்டியார் என் தோளை உலுக்கறார், என்ன சொல்றா, என்ன சொல்றான்னு. இத்தனை வருஷமா பசங்களுக்கு இங்கிலீஷைத் தமிழ்ப்படுத்திக் குடுக்கறேன், ஒரு வார்த்தை மாத்தினதில்லை. நேத்து மொத்தத்தையும் மாத்திட்டேன். கேட்டதே இல்லையாம்னு சொன்னது நான்தாம்மா. அவ பாவம், செட்டியார் சிரிச்சுண்டே கும்பிட்டதும், தான் சொன்னதுக்குத்தான் கும்பிடறார்னு நினைச்சுத் திருப்பிக் கும்பிட்டா. இன்னிக்குப் புறப்பாட்டுக்கு முன்னாடியே வந்து, வாசிச்சவரைப் பாக்கணும்னு என்னை வழி காட்டச் சொல்லியிருக்கா. யாராவது கேட்டா, டாக்டரம்மா குழந்தையைப் பாக்க வந்தான்னு சொல்லிடுங்கோ.