பெரிய வாசல் வழியாக உபதேசியார்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பங்குப்பேரவைப் பொறுப்பாளர்களே, காஞ்சிபுரத்தில் இன்று பட்டறையை மூடிவிட்டு வந்திருக்கும் தச்சர் ஜாஃபர் பாய் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகாயமேரி அம்மா அவர்களே, எங்கள் காலனி மக்களே! இளைஞர் மன்றத்தின் வணக்கம்.

உபதேசியார் ராயப்பன் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். எங்கே கூடியிருக்கிறோம்? அவர் ஆயுள் முழுக்கக் கூட்டிப் பெருக்கிய மாதா கோவிலுக்குள்ளா? இல்லை. பூட்டிய கோவிலுக்கு வெளியே, ஷாமியானாவுக்குக் கீழே!

தாது வருடப் பஞ்சத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டிய கோவில் என்று கல்வெட்டு சொல்கிறது. அவரா கட்டினார்? பாலாற்று மணலையும் செங்கல்லையும் ஒரு வேளைக் கஞ்சிக்காகச் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். சுவர் எழும்பியதும் ஊர்த்தெருவுக்குப் பெரிய வாசல், சுமந்தவர்களுக்குப் பக்கவாசல். உள்ளே குறுக்கே ஒரு மரக்கிராதி. சவப்பெட்டிக்கும் அதே நியாயம்தான். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, வாசல் இரண்டு!

சாமியார் வராத நாளில் ஜெபம் சொன்னவர், எங்களுக்கெல்லாம் ஞானபாடம் நடத்தியவர் உபதேசியார். கிராதியை எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு நடையாய் நடந்தார். உத்தரவு வந்தது. தன் கையாலேயே கழற்றினார். அடுத்த ஞாயிறு பூசையில், ஊர்த்தெரு உட்காரும் முன்பக்கம் காலி. கொஞ்ச காலத்தில் பஸ் ரோட்டில் அவர்களுக்கென்று புதுக்கோவில் எழுந்தது. மாதா சுரூபம் அங்கே போனது, மணி போனது, சாமியாரும் போனார். இங்கே பூசை நின்றது, ஓடு உடைந்தது, சுவரில் அரசமரம் வேர்விட்டது. ‘பழைய கட்டடம், தானாகப் பாழாகிவிட்டது’ என்கிறார்கள். தானாகவா?

அவர் மட்டும் போகவில்லை. தினமும் விளக்கேற்றினார். போன வருடம் கரையான் அரித்த பெரிய கதவைப் புதிதாகச் செய்ய ஜாஃபர் பாயைக் கூப்பிட்டார்.

“பூசையே இல்ல, கதவு யாருக்கு உபதேசியாரே?”

“எனக்குத்தான் பாய். செத்தா இதுவழியா உள்ள போவணும். பெட்டி நுழையுமா பாரு.”

“நீ இருக்கற சைசுக்கு ஜன்னலே போதும்பா!”

போன வாரம் அந்தப் பெட்டி வந்தது. புதுக்கதவில் பேரவையின் பூட்டு. கட்டடம் ஆபத்தானதாம், யாரும் உள்ளே போகக்கூடாதாம். கெஞ்சினோம். அப்போது பேரவையில் ஒருவர் இரக்கப்பட்டார்: “பக்கவாசல் தொறந்துதானே கெடக்குது? அப்டியே எடுத்துக்கினு போய் ரெண்டு நிமிஷம் வச்சிட்டு வாங்கப்பா.”

அய்யா, பக்கவாசலில் போனால் விழாத கூரை, பெரிய வாசலில் போனால் மட்டும் விழுமா?

சகாயமேரி அம்மா அழவில்லை. “அந்த வழி வோணாம். அவரு வெயில்லயே கெடக்கட்டும்” என்றார். கிடந்தார். ரோட்டில் வைத்துத்தான் நீங்கள் ஜெபம் சொல்லிப் பெட்டியை மந்திரித்தீர்கள், ஃபாதர்.

இப்போது கோவிலை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறீர்களாம். அதற்கு உபதேசியார் பெயரையே வைப்பீர்களாம். எவ்வளவு பெரிய மனசு! அவர் பெட்டிக்குக் கதவைத் திறக்காதவர்கள், அவர் பெயருக்குப் பலகை எழுதுகிறார்கள்.

கண்ணீர் விட்டுவிட்டுக் கலைந்து போக நாங்கள் வரவில்லை. அவருடைய முப்பதாம் நாள் பூசை இந்தக் கோவிலுக்குள்தான் நடக்கும். அவர் படத்தைச் சகாயமேரி அம்மா பெரிய வாசல் வழியாக உள்ளே எடுத்துப் போவார். ஃபாதர், பூசை வைக்க நீங்கள் வரவேண்டும். வராவிட்டால் ஜெபமாலை சொல்ல எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

பேரவையினர் பயப்பட வேண்டாம். உங்கள் பூட்டை உடைக்க மாட்டோம். நான் மேடையேறும்போது ஜாஃபர் பாய் கையைப் பிடித்துச் சொன்னார்: “பூட்ட எதுக்குபா ஒடைக்கற? கதவத் தாங்கற கீலு நான் போட்டது. ஸ்க்ரூ எல்லாம் உள்பக்கம் இருக்குது.”

பக்கவாசல் திறந்துதான் கிடக்கிறது. எங்கள் காலனியிலிருந்து கடைசியாக ஒரே ஒரு ஆள் அதன் வழியாக உள்ளே போவான். அது நான்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்.