சாம்சன் பேர்ல போன மெயிலு

ஆமா மேடம், சாம்சன் ஒக்காந்துகினு வந்த சீட்டுதான். அதுக்காக கும்மிடிப்பூண்டி வரைக்கும் நின்னுகினேவா வரப்போறீங்க? ஒக்காருங்க. ரெண்டு மாசமா யாரும் ஒக்கார மாட்றாங்க, என்னமோ செத்துப்போனவரு எடம் மாதிரி. அவரு நல்லாத்தான் இருக்காரு. நல்லான்னா... புழல்ல இருக்காரு. ஜெயில்ல.

ஐயே, அவரு வேலைக்குத்தான ஒங்கள எடுத்தாங்க, இன்டர்வியூல சொல்லலியா? பழைய சேஃப்டி ஆபீசரு வேலய உட்டுட்டாருன்னாங்களா. சொல்லுவாங்க சொல்லுவாங்க.

நான் குணசுந்தரி. ஸ்டோர்ஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறேன். நாஷ்டா ஆச்சா? இட்லி வெச்சிருக்கேன், வேணுமா? வேணாமா. சரி. பெரியபாளையம் தாண்டுனா ரோடு குலுக்கும், அப்பறம் வாய்ல வெக்க முடியாது.

சாம்சன் தங்கமான மனுசன் மேடம். அவங்க அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் நெலத்துல கூலிக்கு நாத்து நட்டவங்க. இவரு கான்ட்ராக்ட் லேபரா உள்ள வந்து, தபால்ல டிப்ளமோ படிச்சி, சேஃப்டி ஆபீசரா ஆனாரு. ஆனா இங்கிலீஷ்தான் பேஜாரு. நம்ம கம்பெனில கழிவுத் தண்ணி சேர்ற குழி ஆறு இருக்கு, தெரியுமில்ல? தெனம் காலைல ஒவ்வொரு குழிலயும் மீட்டர எறக்கி, விஷ கேஸு எவ்ளோன்னு அளந்து, எறங்கலாமா கூடாதான்னு பம்பாய் ஹெட் ஆபீஸுக்கும் இங்க சூப்பர்வைசருக்கும் மெயில் போடணும். அவரு ஃபோன்ல ஒரு ஒரு எழுத்தா தட்டிகினு கெடப்பாரு. ஒரு தபா சேஃப்க்கு பதிலா சேவ்னு போட்டுட்டாரு. பம்பாய்ல அத எல்லாருக்கும் அனுப்பி சிரிச்சாங்களாம். மனுசன் ரெண்டு நாளு யார் மூஞ்சியயும் பாக்கல.

அப்பறம் எங்கிட்ட வந்தாரு. சிஸ்டர், நீங்கதான் லாக்டவுன்ல கோடிங் எல்லாம் படிச்சீங்களே, எனக்கு எதுனா பண்ணிக் குடுங்கன்னாரு.

பண்ணேன் மேடம். இருவது வரிகூட இருக்காது. லைப்ரரின்னு சொல்லுவாங்க, புக்கு வெக்கிற லைப்ரரி இல்ல, வேற யாரோ எழுதி வெச்ச கோடு. நாம கூப்ட்டா வந்து மெயில் அனுப்பிட்டுப் போவும். எக்ஸெல்ல அவரு நம்பர மட்டும் போட்டுட்டா போதும். ஒம்போது மணி ஆனா ப்ரோக்ராம் அதத் தொறந்து பாத்து, நல்ல இங்கிலீஷ்ல லெட்டர் எழுதி, கீழ சாம்சன்னு போட்டு அனுப்பிடும். யாரு அனுப்புறான்ற எடத்துல எந்தப் பேர எழுதுனாலும் அந்தப் பேர்லதான் போவும். எங்க கம்பெனி சர்வரு நீ யாருன்னுலாம் கேக்காது.

அவருக்கு அவ்ளோ சந்தோசம். கிறிஸ்டினா, அவரு சம்சாரம், எனக்கு கேக்கு செஞ்சி குடுத்து உட்டாங்க.

ஒரு நாளு இந்த பஸ்ஸு புதுவாயல்ல பஞ்சராயி நின்னுடுச்சி. சாம்சன் வந்து சேரவே பத்து மணி. எக்ஸெல் காலி, மெயில் போவல. பம்பாய்ல இருந்து ஃபோன் மேல ஃபோனு. பிளான்ட் மேனேஜரு தேசப்பன் சாரு என்னக் கூப்ட்டு, இந்த மாதிரி நம்பர் இல்லன்னா நேத்து நம்பர எடுத்துக்கற மாதிரி பண்ணுமான்னாரு. ஒரே ஒரு வரி மேடம். போட்டேன்.

அடுத்த வாரம் இன்னொண்ணு சொன்னாரு. அதே நம்பரு தெனம் போனா நல்லா இல்ல, கொஞ்சம் மேல கீழ மாத்திவுடுன்னாரு. அதுக்கும் ஒரு வரி.

கேக்கலாம் நீங்க, அப்பவே புரியலியான்னு. புரிஞ்சிதா இல்லியான்னு நானே என்ன நூறு தபா கேட்டுகினேன். சின்னச் சின்னதா கேக்கும்போது சின்னதாத்தான் மேடம் தெரிஞ்சிது.

அப்பறம் மீட்டரு ரிப்பேரு. எடுத்துகினு போனாங்க, திரும்பி வரவே இல்ல. திங்கக்கெழம வந்துடும், திங்கக்கெழம வந்துடும்னு தேசப்பன் சாரு சொல்லிகினே இருந்தாரு. சாம்சன் சும்மா இல்ல. நம்பர் போடவேண்டிய எடத்துல, மீட்டர் இல்ல, யாரும் எறங்கக் கூடாதுன்னு தெனம் எழுதி வெச்சாரு. ஆறு குழிக்கும். நாப்பத்தோரு நாளு.

ஆனா ப்ரோக்ராமுக்கு எழுத்து தெரியாது மேடம். அது நம்பரத் தேடும். நம்பர் இல்லன்னா காலின்னு நெனச்சிக்கும். காலின்னா நேத்து நம்பரு, கொஞ்சம் மேல கீழ. சேஃப்.

அவருக்குத் தெரியாது. மெயிலோட காப்பி அவருக்குப் போவாத மாதிரி எடுத்துடச் சொல்லிட்டாங்க. இதோ, இப்டித்தான் பக்கத்துல ஒக்காந்துகினு கேப்பாரு, இன்னா சிஸ்டர், தெனம் மீட்டர் இல்லன்னு எழுதுறேன், பம்பாய்லருந்து ஒருத்தன்கூட ஏன்னு கேக்க மாட்றானேன்னு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்.

அந்த மாசம் மழ. குழி எல்லாம் ரொம்பி வழியுது. காலைல எட்டு மணிக்கே ஆள எறக்கி சுத்தம் பண்ணணும், மெயில ஏழு மணிக்கு மாத்துன்னாரு தேசப்பன் சாரு. மாத்துனேன். ஏழு மணிக்கு சாம்சன் எங்க இருப்பாரு? பஸ்ஸே அப்பத்தான வரும்.

நாங்க எறங்குறோம், உள்ள ஒரே கூச்சல். நாலாம் நம்பர் குழில ஆதிகேசவன் உழுந்துட்டாரு. கான்ட்ராக்ட் ஆளு, கவரைப்பேட்டப் பக்கம். சாம்சன் பைய வீசிட்டு ஓடுனாரு. கயித்தக் கட்டிகினு அவரே எறங்கப் போனாரு, நாலு பேரு புடிச்சி இழுத்தாங்க. ஆதிகேசவன மேல தூக்கும்போது உசுரு இல்ல. சாம்சன் சூப்பர்வைசரு சட்டையப் புடிச்சாரு, யார்டா எறக்கச் சொன்னதுன்னு. அந்தாளு ஃபோன எடுத்து நீட்டுனான். நீதானய்யா சேஃப்னு அனுப்பியிருக்க, பாருன்னான்.

சாம்சன் அதப் படிச்சாரு மேடம். மெதுவா, ஒரு ஒரு எழுத்தா. அப்பறம் தலையத் தூக்கி என்னப் பாத்தாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ.

போலீஸு? அளக்காமலே ஃபோன்லருந்து அனுப்பிட்டான்னு எழுதிகினாங்க. எக்ஸெல்லு? அத அன்னிக்கு சாயந்தரமே தேசப்பன் சாரு அழிக்கச் சொல்லிட்டாரு. அழிச்சிட்டேன். ஏன்னா, கோடு உன் லாகின்லதான இருக்கு, உள்ள போனா நீயும்தான் போவணும்னாரு. எனக்குப் பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்கு மேடம்.

கிறிஸ்டினா ஊட்டுக்கு வந்தாங்க. அக்கா, அவருக்கு ரெண்டு வரி இங்கிலீஷ் எழுத வராதே, இவ்ளோ அழகா யார் எழுதுனதுன்னு கேட்டாங்க. டீ போட்டுக் குடுத்தேன். குடிக்காமயே போயிட்டாங்க.

இருங்க, எந்திரிக்காதீங்க. இன்னும் அஞ்சி நிமிசம் இருக்கு கம்பெனி கேட்டுக்கு. ஏன் ஒங்க கிட்ட சொல்றேன்னா...

நேத்து சாயந்தரம் நான் ஒங்களுக்கு ஃபோன் பண்ணேன் இல்ல, ஐடி கார்டுக்குன்னு, பூமிகாவுக்கு இங்கிலீஷ்ல யு-வா டபுள் ஓ-வான்னு? ஐடி கார்டு வேற ஆளு பாக்குறது மேடம். என் வேல இல்ல அது. தேசப்பன் சாரு பக்கத்துல நின்னுகினு இருந்தாரு.

இன்னிக்கி ஏழு மணிக்கே ஒங்க பேர்ல மெயிலு போயிடுச்சி. நாலாம் நம்பர் குழி சேஃப், ரெண்டு பேரு எறங்கலாம்னு. அப்ப நீங்க மணவாள நகர் ஸ்டாப்ல எம்பக்கத்துலதான் நின்னுகினு இருந்தீங்க, பஸ்ஸு வருமா வராதான்னு கேட்டுகினு.