மாஸ்டரோட கத்திரிக்கோல்

ஆமா மேடம், கத்திரிக்கோல் விஷயத்துக்குத்தான் வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், ஃபேனுக்குக் கீழ நீங்க போட்டுக் குடுத்த அந்த மேசை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எதுக்குப் போட்டீங்க? உங்க தையல் கம்பெனியில கட்டிங் மாஸ்டருக்கு அறுபத்திரெண்டு வயசு, புது டிசைனர் பொண்ணுக்கு இருபத்திமூணு. அவர் சாக்பீஸ், அவ கம்ப்யூட்டர். நேராப் பேசினா கைகலப்புதான். நடுவுல நின்னு பேச ஒரு ஆள் வேணும்னு என்னை உக்கார வச்சீங்க.

நல்லாத்தான் பண்ணேன். மாஸ்டர், "அவ வரைஞ்ச சட்டைக் கை யானைக்குத்தான் பொருந்தும், போய்ச் சொல்லும்மா"ன்னுவார். நான் போய், "கை தாராளமா இருக்காம், மாஸ்டர் அசந்துட்டார்"னுவேன். அவ, "அந்தப் பெருசு ரிட்டயர் ஆகவே ஆகாதாக்கா?"ன்னு கேப்பா. "நீங்க எப்பவும் இங்கயே இருக்கணுமாம் மாஸ்டர்"னு இவர்கிட்ட சொல்லுவேன். மனுஷன் உருகிடுவார்.

இப்படியே எட்டு மாசத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல நிஜமாவே பாசம் வந்துடுச்சு. அங்கதான் கெட்டுது. ஒரு நாள் பாத்தா, அவரே அவகிட்ட, "இது யானைக் கைடா கண்ணு"ங்கறார், அவ விழுந்து விழுந்து சிரிக்கறா. யாரையும் தொட விடாத கத்திரிக்கோல அவ கையில குடுக்கறார். என்னை யாருமே கூப்பிடல. அன்னைக்குச் சாயங்காலம் நீங்களும், "இனிமே உனக்கு இங்க என்ன வேலை, பட்டன் செக்‌ஷனுக்குப் போயேன்"னீங்க.

அங்க ஃபேன் இல்ல மேடம்.

துணி வெட்டற கத்திரிக்கோல்ல காகிதம் வெட்டினா கூர் போயிடும்னு நம்ம வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு முழு அட்டைப்பெட்டிய நிதானமா வெட்டினேன். துண்டையெல்லாம் அவ மேசைக்கடியில போட்டேன். அப்புறம் கை கழுவிட்டு சாப்பிட்டேன்.

மாஸ்டர் வந்து துணியில வச்சார். வெட்டல, கடிச்சு இழுத்துச்சு. குனிஞ்சு அட்டையப் பாத்தார். திட்டுவார்னு நினைச்சேன், திட்டவே இல்ல. "கேட்டிருந்தா வேற கத்திரி குடுத்திருப்பேனேம்மா"ன்னார் அவகிட்ட. கழுத்துல இருந்த டேப்பைச் சுருட்டி மேசையில வச்சுட்டு, முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா மூணு மணிக்கே வீட்டுக்குப் போனவர்தான், இன்னும் வரல. அவ மூணு நாளா அழறா. "நான் வெட்டலக்கா, நீயாவது அவர்கிட்ட சொல்லேன்"ங்கறா.

அதான் சொல்ல வந்தேன் மேடம். இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. நடுவுல போய்ப் பேச ஒரு பக்குவமான ஆள் கட்டாயம் வேணும், என்னை விட்டா யார் இருக்கா? மேசைய நானே திரும்ப ஃபேனுக்குக் கீழ தள்ளிப் போட்டுட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?